கேள்வி பதில்: உணவுக்குழாய் கேன்சர் வயிற்றுக்கும் இறங்கிவிட்டால்

புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சில.

சிஸ்டர், அப்பாவுக்கு உணவுக்குழாய் கேன்சர். 'வயிற்றுக்கும் இறங்கியிருக்கு' என்கிறார்கள். நாலாம் ஸ்டேஜா?

அவசரப்படாதீங்க. இறங்கியிருக்கா, தாவியிருக்கா என்று முதலில் கேளுங்க. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வரும் கட்டி, சுவரோடு சுவராக இரைப்பைக்குள் நீள்வது சகஜம். அதனால் மட்டும் நாலாம் ஸ்டேஜ் ஆகிவிடாது. சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கு, எத்தனை நெறிக்கட்டிகளில் இருக்கு, கல்லீரல், நுரையீரல், வயிற்று உறைக்குப் போயிருக்கா என்பதை வைத்துத்தான் ஸ்டேஜ். அந்தச் சேரும் இடத்தையும் தொட்டுக்கொண்டு, கட்டியின் நடுப்பகுதி அதற்குக் கீழே 2 செ.மீ.க்குள் இருந்தால் உணவுக்குழாய் கணக்கு. அதைத் தாண்டினால் இரைப்பை கேன்சர் கணக்கு.

மேலே ஒரு கட்டி, நடுவில் நல்ல சதை, இரைப்பையில் தனியாக இன்னொன்று என்றால் அது தாவியது. அரிதுதான், ஆனால் பலன் குறைவு.

எத்தனை வருஷம் இருப்பார் என்று யாருமே சொல்லமாட்டேங்கறாங்க அக்கா.

ஒருத்தருக்கு இத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கணக்கில் 5 வருஷம் தாண்டுகிறவர்கள்: கட்டி அதே இடத்தில் இருந்தால் ஏறக்குறைய பாதிப் பேர், பக்கத்து நெறிக்கட்டி வரை போயிருந்தால் கால்வாசிக்குச் சற்று மேல், தூரத்து உறுப்புக்குப் போயிருந்தால் 20 பேரில் ஒருவர். இதெல்லாம் சில வருஷம் முன்பு நோய் தெரிந்தவர்களின் கணக்கு. 2012-இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் நேரே ஆபரேஷன் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 24 மாதம். முதலில் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்து, பிறகு ஆபரேஷன் செய்தவர்களுக்கு 49 மாதம். நம்ம ஊரில் அதிகம் பார்க்கும் ஸ்குவாமஸ் வகையில் (குழாயின் உள்தோல் செல்லில் தொடங்குவது), அப்படிச் சிகிச்சை எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷனில் எடுத்த திசுவில் கேன்சரே மிச்சமில்லை. பயாப்ஸி (சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் என்ன வகை என்று பாருங்க.

சாப்பாடு கொடுக்க வயிற்றில் டியூப் வேண்டாம், குடலில் போடலாம் என்கிறார் டாக்டர். ஏன்?

உணவுக்குழாயை எடுத்த பிறகு, இரைப்பையைத்தான் குழாய் மாதிரி தைத்து நெஞ்சுக்குள் மேலே இழுத்து இணைப்பார்கள். அதில் ஓட்டை போட்டு வைக்க சர்ஜனுக்கு மனசு வராது. இரைப்பையிலும் நோய் நிறைய இருந்தால் பெருங்குடலையோ சிறுகுடலையோ எடுத்து வைக்கணும், ஆபரேஷன் பெரிசாகிவிடும். 'வயிற்றுக்கு இறங்கியது' நிஜமாகவே இடிப்பது இங்கேதான்.

குடல் டியூப் மெல்லிசு. வடிகட்டாத கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றி அடைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு ஓடி வந்த குடும்பத்தைப் பார்த்திருக்கேன். வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்க, ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்க.

அண்ணனுக்குக் கல்லீரலிலும் இருக்கு. கீமோ கொடுத்துக் கஷ்டப்படுத்தணுமா?

முழுசாகக் குணமாகாது, உண்மை. சிகிச்சையோடு பலருக்கும் ஒரு வருஷத்தை ஒட்டிப் போகும், சிலருக்குக் கூடுதலாக. கட்டியில் ஹெர்-2, பிடி-எல்1 என்ற புரதங்கள் இருக்கா என்று டெஸ்ட் பார்த்தாச்சா என்று கேளுங்க; அதை வைத்து மருந்து மாறும். நடமாட்டம் நன்றாக இருந்தால் கீமோ தாங்குவார். படுத்தபடுக்கை என்றால் நான் வற்புறுத்தமாட்டேன். தண்ணீரே இறங்காதபோது ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைத்தால் கூழாவது போகும். ஆனால் சேரும் இடத்தில் வைத்த ஸ்டென்ட் புளிப்பை மேலே ஏற்றும், அதனால் தலைப்பக்கம் கட்டிலுக்கடியில் இரண்டு செங்கல் வையுங்க.

பப்பாளி இலைச் சாறு?

டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்மா.