கரடியா, ட்விங்கா: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: எனக்கு 26 வயது. மண்டபம் அருகே அப்பாவுடன் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறேன். தன்பாலீர்ப்பு உள்ளவன். டேட்டிங் செயலியில் ட்விங்க், பேர், ஆட்டர், ஜாக் என்று வகை கேட்கிறார்கள். எனக்குத் தொப்பை உண்டு, மார்பெல்லாம் முடி. பேச வருகிறவர்களில் பலர் ‘ட்விங்க் மட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். முடியை மழித்து, சாப்பாட்டைக் குறைத்துவிடலாமா?

பதில்: சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், தம்பி. வலை இழுக்கிறவர் பட்டினி கிடந்தால் தலைசுற்றல் நடுக்கடலில்தான் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மருத்துவர் சொன்னால் எடையைக் குறைக்கலாம். முன்பின் தெரியாத ஒருவரின் ஒற்றை வரிக்காக வேண்டாம்.

ட்விங்க் என்பது ஒல்லியான, முடி குறைந்த, இளமைத் தோற்றமுள்ள ஆண். ஜாக், விளையாட்டு வீரரின் கட்டுடல். முடி நிறைய இருந்தும் மெலிந்தவர் ஆட்டர். பருத்த உடம்பும் முடியும் உள்ளவர் பேர், அதாவது கரடி. அவர்களில் இளையவரைக் கப் என்பார்கள். கரடிகளின் கதை உங்களுக்குத் தெரிய வேண்டியது. மெலிந்து மழித்த உடலே அழகு என்பதை ஏற்காத ஆண்கள் 1980களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுகூடி வளர்த்த வட்டம் அது. 1987இல் அவர்களுக்கென்று ஓர் இதழ் வந்தது. 1995இல் கொடியும் உருவானது: பழுப்பு முதல் கறுப்பு வரை ரோமத்தின் நிறங்களில் பட்டைகள், மூலையில் ஒரு பாதத் தடம். நீங்கள் மழிக்க நினைக்கும் அந்த முடியையே விரும்பித் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஆகவே விருப்பமிருந்தால் ‘பேர்’ என்றோ ‘கப்’ என்றோ போடுங்கள். வெறுமனே விட்டாலும் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. நம் பக்கத்தில் புழங்கும் கோத்தி (பெண்மைச் சாயல் உள்ள ஆண்), பந்தி (அவருக்குத் துணையாகும், ஆண்மைத் தோற்றமுள்ள ஆண்) வேறு வகை. அவை நடை, பாவனை, உறவில் வகிக்கும் இடம் சார்ந்தவை. கரடி என்று போட்டதாலேயே நீங்கள் பந்தி ஆகிவிட மாட்டீர்கள். அப்படி நினைத்துக்கொண்டு யாராவது வற்புறுத்தினால் முடியாது என்று சொல்லுங்கள்.

வகையைவிட எனக்குக் கவலை உங்கள் படம்தான். ஊருக்கு ஊர் உறவு உள்ள கடற்கரை இது. படகின் பதிவு எண்ணோ, அதன் வண்ணமோ, பின்னால் பாம்பன் பாலமோ தெரிந்தால் முகம் இல்லாமலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள். தூரம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் சில செயலிகளில் அருகில் இருப்பவரே முதலில் வருவார் என்பதால், முகப்படத்தைப் பேசிப் பழகிய பிறகே அனுப்புங்கள். முதல் சந்திப்பை ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொல்லிவிடுவேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், வயதுவந்த இருவர் சம்மதித்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமில்லை. மிரட்டிப் பணம் பறிப்பதுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்படி குற்றம். பயத்தில் உரையாடலை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க அதுதான் சாட்சி.