மாதம் 5,000 பவுண்டு வாங்கியவர் ஜெயித்தார்

கேள்வி: பாலைவனத்தில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த அரேபியர்களுக்கு நாடு, எல்லை, சிம்மாசனம் எல்லாம் ஏற்படுத்திக் கொடுத்தவர்கள் லாரன்ஸ், கெர்ட்ரூட் பெல், ஃபில்பி போன்ற ஆங்கிலேயப் பயணிகள்தானே? அவர்கள் மட்டும் இல்லையென்றால் சவூதி அரேபியாவை நிறுவிய இப்ன் சவூத் என்று ஒருவர் இருந்ததே உலகத்துக்குத் தெரிந்திருக்காது என்கிறேன். மறுக்க முடியுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும். பதில் கொஞ்சம் நீளும். மற்றவர்களின் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன. கோபத்தைக் கும்பகோணத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

முதலில், நீங்கள் சேர்த்துச் சொல்லும் மூன்று பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் இல்லை. லாரன்ஸ் உழைத்தது மெக்காவை ஆண்ட ஷெரீஃப் ஹுசைனுக்கும் அவர் பிள்ளைகளுக்கும். ஹுசைனுக்குப் பரம வைரி இப்ன் சவூத். ஆக, லாரன்ஸ் கைதூக்கிவிட்டது இப்ன் சவூதை அல்ல. அவர் பிற்பாடு யாரை நாட்டைவிட்டுத் துரத்தினாரோ அந்த மனிதரை. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ சினிமா பார்த்துவிட்டுச் சரித்திரம் பேசினால் இந்தச் சங்கடம் வரும்.

இப்ன் சவூத் ரியாத்தைப் பிடித்தது 1902 ஜனவரியில். குவைத்தில் அடைக்கலம் புகுந்திருந்த குடும்பத்தின் வாலிபப் பிள்ளை அவர். நாற்பது பேர் என்று சொல்லப்படும் ஒரு சிறு கூட்டத்தோடு இரவில் ஊருக்குள் புகுந்தார். விடிந்ததும் கோட்டைத் தலைவனைத் தீர்த்துவிட்டு ஊரை எடுத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் பெயருக்குக்கூட ஓர் ஆங்கிலேயர் கிடையாது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் நடந்தது உங்கள் கட்சிக்கு இன்னும் பாதகம். அரேபியாவில் ஆதிக்கம் வைத்திருந்த துருக்கியரை எதிர்த்து நிற்க வேண்டும், என்னோடு ஓர் உடன்படிக்கை போடுங்கள் என்று வளைகுடாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இப்ன் சவூத் தூது மேல் தூது விட்டார். அவர்கள் அசையவில்லை. அவர்களுக்கு வேண்டியது இந்தியாவுக்குப் போகும் கடல்வழி. அதற்காகக் கரையோர ஷேக்குகளிடம் 1820 முதல் வரிசையாக ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தார்கள். குவைத் ஷேக் முபாரக்கிடம், வேறெந்த நாட்டுக்கும் நிலம் தருவதில்லை என்று 1899இல் கையெழுத்து வாங்கியாயிற்று. அதற்கு விலை 15,000 ரூபாய். (ரூபாய்தான், அச்சுப்பிழை அல்ல. வளைகுடா விவகாரங்களை அன்றாடம் கவனித்தது இந்திய சர்க்கார். பாரசீகத் துறைமுகமான பூஷஹரில் இருந்த ரெசிடென்ட் அதன் அதிகாரி. அங்கே கடைத்தெருவில் 1960கள் வரை நம் ரூபாய் ஓடியதற்கும் அதுதான் காரணம்.) கரை பத்திரமாக இருக்கும்போது, உள்ளே மணலில் யார் யாரை வெட்டினால் அவர்களுக்கென்ன? அதோடு, ஐரோப்பிய அரசியலில் துருக்கியைப் பகைத்துக்கொள்ளவும் லண்டனுக்கு அப்போது மனமில்லை.

இந்தச் சுவரில் முட்டிக்கொண்ட ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. அவர் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. கேப்டன் வில்லியம் ஷேக்ஸ்பியர், இந்திய ராணுவத்திலிருந்து வந்தவர், 1909 முதல் குவைத்தில் ஆங்கிலேய சர்க்காரின் பிரதிநிதி (பொலிட்டிகல் ஏஜென்ட்). 1910இல் முபாரக்கின் விருந்தாளியாக வந்த இப்ன் சவூதைச் சந்தித்தார், படம் பிடித்தார். இப்ன் சவூதின் முதல் புகைப்படம் என்று சொல்லப்படுவது அதுதான். இந்த மனிதன் பெரிய ஆளாக வருவான், இப்போதே சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மேலிடத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த பதில்.

1913இல் இப்ன் சவூத் துருக்கியரிடமிருந்து அல்-ஹசாவைப் பிடுங்கிக் கடற்கரைக்கே வந்துவிட்டார். அதே வருஷம் ஜூலையில் லண்டன் என்ன செய்தது தெரியுமா? ரியாத்தைச் சுற்றியுள்ள அவருடைய நஜ்து பிரதேசம் துருக்கியின் பங்கு என்று வைத்து துருக்கியோடு ஓர் ஒப்பந்தம் எழுதியது. அவர் மட்டும் சும்மா இருப்பாரா? 1914 மே மாதத்தில் துருக்கியரோடு தாமே பேசி, சுல்தானின் நஜ்து கவர்னர் என்ற பட்டத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக்கு எது உதவுமோ! ஷேக்ஸ்பியர் அந்தச் சமயத்தில் குவைத்தில் புறப்பட்டு, ரியாத் வழியாக அரேபியாவின் குறுக்கே ஒட்டகத்தில் சூயஸ் வரை போய்ச் சேர்ந்திருந்தார். ஏறக்குறைய 1,800 மைல். வழியெல்லாம் அளந்து குறித்துக்கொண்டு வந்தார். யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை.

சில மாதங்களில் யுத்தம் மூண்டது. துருக்கி எதிரணியில். இப்போது அதே மேலிடம் அதே ஷேக்ஸ்பியரைக் கூப்பிட்டு, ஓடு, இப்ன் சவூதைப் பிடி என்றது. போனார். உடன்படிக்கைக்கு ஒரு நகலும் தயாராயிற்று. 1915 ஜனவரி 24, ஜர்ராப் என்ற இடத்தில் வட அரேபியாவில் ஹாயிலை ஆண்ட அவருடைய எதிரி இப்ன் ரஷீதின் படைக்கும் இப்ன் சவூத் படைக்கும் சண்டை. அரபு உடை போட்டுக்கொள்ள மறுத்து, காக்கிச் சீருடையிலேயே களத்தில் நின்ற ஷேக்ஸ்பியர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 36. இப்ன் சவூதை ‘உருவாக்கிய’ ஆங்கிலேயர் என்று ஒருவரைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் இவரைத்தான் காட்டலாம். இவருக்கே தம் சர்க்காரை அசைக்க ஒரு உலக யுத்தம் தேவைப்பட்டது.

உடன்படிக்கை கடைசியில் 1915 டிசம்பர் 26 அன்று தாரின் தீவில் கையெழுத்தானது. ஆங்கிலேயர் பக்கம் மூத்த அதிகாரி சர் பெர்ஸி காக்ஸ். நஜ்தும் அல்-ஹசாவும் இப்ன் சவூதுடையவை என்று ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு அவர் வேறெந்த அந்நிய அரசோடும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமான் கரை ஷேக்குகள் மீது கை வைக்கக் கூடாது. அந்தப் பட்டியலை இன்னொரு தரம் படியுங்கள். மெக்கா இருக்கும் ஹிஜாஸ் இல்லை. மெக்கா ஹுசைன் மீது கை வைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை அதில் கிடையாது.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். 1916இல் துருக்கியருக்கு எதிரான ஹுசைனின் கிளர்ச்சிக்கு ஆங்கிலேயர் அளந்தது மாதம் 1,25,000 பவுண்டு, பின்னர் அதற்கும் மேல். கூடவே துப்பாக்கி, கப்பல், வெடி வைக்கத் தெரிந்த அதிகாரிகள், லாரன்ஸ். இப்ன் சவூதுக்கு 1917 முதல் மாதப்படி 5,000 பவுண்டு. இருபத்தைந்தில் ஒரு பங்கு. கெய்ரோவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் கோஷ்டியும் லண்டன் வெளியுறவு இலாகாவும் ஹுசைன் பக்கம். இந்திய சர்க்காரும் லண்டனில் அதற்கு மேலிடமான இந்தியா ஆபீஸும் இப்ன் சவூத் பக்கம். ஒரே கஜானாவிலிருந்து இரண்டு எதிரிகளுக்கும் படியளந்தார்கள். 1919 மே மாதம் துரபா என்ற பாலைவன ஊரில் இரண்டு தரப்பும் மோதியபோது, ஹுசைனின் மகன் அப்துல்லாவின் படை ஒரே இரவில் சின்னாபின்னமாயிற்று. அப்துல்லா உயிர் தப்பியதே பெரிது. இரண்டு பக்கமும் ஆங்கிலேயப் பணத்தில் வயிறு வளர்த்த படைகள்தான்!

1924 மார்ச்சோடு இப்ன் சவூதின் மாதப்படியும் நின்றது. அதே மாதம் ஹுசைன் தம்மைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டு முஸ்லிம் உலகின் பெரும்பகுதியை எரிச்சல்படுத்தினார். இப்ன் சவூதின் ஆட்கள் செப்டம்பரில் தாயிஃபில் புகுந்தார்கள், அக்டோபரில் மெக்காவில். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜித்தாவும் போயிற்று. ஹுசைனை ஆங்கிலேயர் சைப்ரஸில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆங்கிலேயப் பயணிகள்தான் ராஜாக்களை உண்டாக்கினார்கள் என்றால், இருபத்தைந்து மடங்கு காசும் லாரன்ஸும் வாய்த்தவர் அல்லவா மெக்காவில் உட்கார்ந்திருக்க வேண்டும்?

உங்களுக்குப் பாதி மதிப்பெண் தரலாம், ஈராக்குக்காக. ஹுசைனின் இன்னொரு மகன் ஃபைசலை 1921 மார்ச்சில் கெய்ரோ மாநாட்டில் தேர்ந்தெடுத்து, ஆகஸ்ட் 23 அன்று பாக்தாதில் முடிசூட்டியதில் பெல் அம்மையாருக்கும் காக்ஸுக்கும் பெரிய பங்கு உண்டு. புது நாட்டுக்குக் கீதம் இல்லாததால் பேண்டு வாசித்தது இங்கிலாந்து ராஜாவின் கீதம். அந்த சிம்மாசனம் 1958 ஜூலையில் ரத்தக் களரியில் முடிந்தது. அவர்களே செய்த ராஜ்யத்தின் ஆயுள் அவ்வளவுதான். அவர்கள் அப்துல்லாவுக்குக் கொடுத்த ஜோர்டான் மட்டும் தப்பிப் பிழைத்தது.

எல்லைக் கோடு? அதையும் பார்ப்போம். 1922 கடைசியில் அல்-ஹசா கரையில் உள்ள உகைர் துறையில் கூடாரம் போட்டு நாள்கணக்கில் பேசினார்கள். முடிவு வராததால் பொறுமை இழந்த காக்ஸ் சிவப்புப் பென்சிலை எடுத்துத் தாமே கோடு கிழித்தார். பள்ளிக்கூடப் பையனைக் கண்டிப்பதுபோல் அவர் இப்ன் சவூதை அதட்டியதையும், இப்ன் சவூத் கண் கலங்கியதையும் உடனிருந்த ஆங்கிலேய அதிகாரி டிக்ஸன் எழுதி வைத்திருக்கிறார். உங்களைப் போன்றவர்கள் மேற்கோள் காட்ட ஆசைப்படும் காட்சி. அழுதது நிஜமோ நடிப்போ, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் கையில் குவைத் தன்னுடையது என்று நினைத்திருந்த நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. 1899இலிருந்து ஆங்கிலேயரை நம்பிய குவைத், பேச்சுவார்த்தையில் தன் சார்பில் உட்கார்ந்திருந்த ஆங்கிலேய அதிகாரியை நம்பிக் கோட்டைவிட்டது. ஃபிராங்க் ஹோம்ஸ் என்ற நியூசிலாந்துக்காரருக்கு எண்ணெய் உரிமை தராதே என்று அங்கேயே காக்ஸ் நெருக்கினார். இப்ன் சவூத் அப்போதைக்குத் தலையாட்டினார். அடுத்த மே மாதம் அதே ஹோம்ஸின் கம்பெனிக்கு, ஆண்டுக்கு 2,000 பவுண்டு வாடகைக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார்.

ஃபில்பி விஷயம் இன்னும் ருசி. இலங்கையில் பதுளையில் 1885இல் பிறந்தவர், தேயிலைத் தோட்டக்காரரின் மகன். ஐ.சி.எஸ். பாஸ் செய்து பஞ்சாபில் வேலை பார்த்தவர். 1917இல் தூதராக ரியாத் போய் இப்ன் சவூதைக் கண்டதும் ஆள் அவர் பக்தராகிவிட்டார். பிறகு சர்க்கார் உத்தியோகத்தை உதறினார், ஜித்தாவில் வியாபாரம் தொடங்கினார், 1930இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா ஆனார். 1933இல் எண்ணெய் உரிமை பேரத்துக்கு வந்தபோது இப்ன் சவூதின் கஜானா காலி. ஆங்கிலேயப் பங்குள்ள ஈராக் பெட்ரோலியம் கம்பெனி கஞ்சத்தனம் பண்ணியது. கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் 35,000 தங்கப் பவுன் முன்பணம் தருவதாகச் சொல்லி மே 29 அன்று கையெழுத்து வாங்கியது. ராஜாவுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே, அந்த அமெரிக்கக் கம்பெனியிடம் ரகசியச் சம்பளமும் வாங்கினார் நம் பதுளைப் பிள்ளை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு அவர் தேடிக் கொடுத்தது என்னவென்று நீங்களே எழுதி அனுப்புங்கள், பிரசுரிக்கிறேன். (சோவியத் உளவாளியாகப் பேரெடுத்த கிம் ஃபில்பி இவருடைய மகன் என்பது உபரித் தகவல்.)

பயணிகளின் வீரத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் அங்கே எஜமானர்களாகப் போகவில்லை. 1914இல் ஹாயில் போன பெல் அம்மையாரைப் பத்து நாளுக்கு மேல் ஊரைவிட்டு நகரவிடாமல் வைத்திருந்தார்கள். இளம் அமீர் கொள்ளைக்குப் போயிருக்கிறார், அவர் வரும்வரை உங்கள் பணத்தையும் தர முடியாது என்றார்கள். ஒட்டகங்களை விற்றுச் செலவுக்குப் பார்த்தார். ரூப் அல்-காலி பாலையை முதலில் கடந்த வெள்ளைக்காரர் என்று பெர்ட்ரம் தாமஸைக் கொண்டாடுகிறோம். 1930 டிசம்பரில் சலாலாவில் கிளம்பி அடுத்த பிப்ரவரியில் தோஹா. கிணறு எங்கே, எந்தக் கிணற்றில் எந்தக் கூட்டத்தாரோடு பகை என்று தெரிந்து அவரைக் கூட்டிப்போனவர் ரஷீத் கோத்திரத்து ஷேக் சாலிஹ் பின் கலூத். அவருக்கு அது கண்டுபிடிப்பு அல்ல, குடியிருப்பு.

யார் யாரை அண்டியிருந்தார்கள் என்பதற்குக் கடைசியாக ஒன்று. 1967 நவம்பரில் பிரிட்டிஷ் மந்திரி கோரோன்வி ராபர்ட்ஸ் வளைகுடாவைச் சுற்றி வந்து, நாங்கள் எங்கும் போகமாட்டோம் என்று ஷேக்குகளுக்கு உறுதி சொன்னார். இரண்டே மாதம் கழித்து, 1968 ஜனவரியில், அதே மனிதர் அதே ஷேக்குகளிடம் போய், 1971 முடிவதற்குள் படையை விலக்கிக்கொள்கிறோம் என்றார். கையில் காசில்லை என்பது காரணம். அப்படியானால் உங்கள் படைச் செலவை நானே தருகிறேன் என்றார் அபுதாபியின் ஷேக் சாயித். ஷேக்குகளுக்குக் கூலிக்கு ஆள் கொடுக்கும் வேலை நமக்கு வேண்டாம் என்ற பொருளில் பாதுகாப்பு மந்திரி டெனிஸ் ஹீலி டெலிவிஷனில் பேசி, அதைத் தட்டிக்கழித்தார்.