ஸ்பானியப் படிக்கட்டில் மதியச் சாப்பாடு

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரை ஒட்டி எளிய மக்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டிய இத்தாலிய நியோரியலிசப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். லூச்சானோ எம்மரின் ‘ஸ்பானியச் சதுக்கத்துப் பெண்கள்’ (1952) பார்த்தேன். ரோமில் மூன்று தையல்காரப் பெண்கள், மூன்று காதல்கள். இனிமையான படம்தான். ஆனால் போர் முடிந்த ஏழாவது வருடத்தில் இப்படிச் சிரிக்க முடியுமா? வறுமைக்குச் சாயம் பூசிவிட்டார்களோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அன்றைய விமர்சகர்கள் பலருக்கும் இதே மனக்குறை இருந்தது. வறுமையை இனிப்பாக்கிக் காட்டும் ‘இளஞ்சிவப்பு நியோரியலிசம்’ என்று இந்த வகைப் படங்களை ஒதுக்கினார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. இதை எழுதிய செர்ஜோ அமிதேய், இயக்குநர் ரோஸ்ஸெல்லினியின் ‘ரோம், திறந்த நகரம்’ படத்தையும் எழுதியவர்களில் ஒருவர். ஜெர்மானியர் பிடியில் தவித்த ரோமை எழுதிய அதே கைதான் இந்தப் பெண்களையும் எழுதியது.

படத்தில் காசு எங்கெல்லாம் வருகிறது என்று கவனியுங்கள். தங்களால் வாங்கவே முடியாத உடைகளை மூவரும் நாள் முழுக்கத் தைக்கிறார்கள். மதியம் ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து கையில் கொண்டுவந்ததைச் சாப்பிடுகிறார்கள். மரீசாவுக்கு மாடலாகும் வாய்ப்பு வந்ததும் காதலனுக்குப் பொறுக்கவில்லை. மரீசாவாக நடித்த லூச்சியா போஸேவே மிலானில் ஓர் இனிப்புக் கடையில் வேலை பார்த்தவர். 1947இல் மிஸ் இத்தாலியா பட்டம் வென்ற பிறகுதான் சினிமாவுக்கு வந்தார். அந்த முகத்தில் தெரியும் ஆசையும் தயக்கமும் நடிப்பு மட்டும்தானா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். எலேனாவோ, நம்பியவன் ஏமாற்றியதும் சாகவே துணிகிறாள். இதில் சாயம் எங்கே?

சரி, அப்புறம் அவளுக்குத் துணையாக, டாக்சி ஓட்டுநராக நடிகர் மாஸ்த்ரோயான்னி வந்துவிடுகிறார். உயரமான ஆண்களையே தேடும் குட்டைப் பெண் லூச்சியாவுக்குக் கடைசியில் குட்டையான குதிரைப் பந்தய ஜாக்கி அமைவதும் கொஞ்சம் விளையாட்டுத்தனம்தான். முடிவு அவசரமாக இனிக்கிறது. ஆனால் இந்தப் பெண்கள் குண்டுவீச்சுக்கும் ரொட்டி ரேஷனுக்கும் நடுவே வளர்ந்த தலைமுறை. இத்தாலியப் பெண்களுக்கு வாக்குரிமை நடைமுறைக்கு வந்ததே 1946இல்தான். சொந்தச் சம்பளம், தானே தேர்ந்தெடுத்த காதலன், தோழிகளோடு ஒரு மணிநேரச் சிரிப்பு: இந்தச் சந்தோஷத்தையும் யாராவது படமாக்க வேண்டாமா?

அதே 1952இல்தான் இயக்குநர் தெ சிக்காவின் ‘உம்பெர்த்தோ டி.’யும் வெளிவந்தது. வாடகை கட்ட முடியாத அந்த முதியவரும் இந்தப் பெண்களும் ஒரே ரோமில் நடமாடியவர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எம்மரின் ‘ஆகஸ்ட் ஞாயிறு’ (1950) கிடைத்தால் அதையும் விடாதீர்கள். ஓஸ்தியா கடற்கரைக்குக் கிளம்பும் ரோம் மக்களின் ஒரே ஒரு நாள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.