வீட்டில் எலக்ட்ரானிக் இசை செய்பவர்கள் மிக்ஸிங்கில் எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஹெட்ஃபோனில் கனமாகக் கேட்கும் ட்ராக் போனிலும் காரிலும் கலங்கலாகிவிடுகிறது என்கிறீர்கள். அதைச் சரிசெய்ய எந்த ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி), எந்த கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கருவி) வாங்கலாம் என்றும் கேட்கிறீர்கள். இரண்டாவதற்குப் பதில் சின்னது, கடைசியில் சொல்கிறேன். முதலாவதுதான் பெரிய கதை.

நானும் வீட்டு அறையில்தான் ஹவுஸ், டெக்னோ செய்கிறேன். தெரிந்தவர்களின் ட்ராக்குகளை மிக்ஸ் செய்து கொடுப்பதும் உண்டு. அனுப்பும் ப்ராஜெக்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: பேஸ் சேனலில் ஈக்யூ, கம்ப்ரஸர், மறுபடி ஈக்யூ, சேச்சுரேட்டர் (ஒலியைச் சற்றே சிதைத்துச் செறிவாக்கும் கருவி) என்று வரிசையாகப் பிளக்இன்கள், அதாவது ஒலியைத் திருத்தும் சிறு மென்பொருள்கள், நிற்கும். ஒலியை உருவாக்கும் சிந்த் (சிந்தசைசர்) மட்டும் ப்ரீசெட்டில் வந்தபடியே இருக்கும், ஒரு குமிழ்கூட நகர்ந்திருக்காது.

பாட்டு, கிதார் என்று ரெக்கார்ட் செய்து மிக்ஸ் செய்பவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று நமக்கு இருக்கிறது. அவர்கள் மிக்ஸுக்கு உட்காரும்போது வாசித்தவர் வீட்டுக்குப் போயிருப்பார். கையில் இருக்கும் ஒலியை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். நமக்கோ சிந்த் இன்னும் திறந்தே கிடக்கிறது. டிகேயை (ஒலி அடங்கும் நேரத்தை) குறைக்கலாம், ஆக்டேவை மாற்றலாம், அலையை உருவாக்கும் ஒரு ஆசிலேட்டரையே அணைத்துவிடலாம். அதனால் ஏதாவது இடித்தால் நான் முதலில் சிந்த்துக்குப் போவேன், அப்புறம் நோட்டுகளுக்கு, அதற்கும் பிறகுதான் ஈக்யூ. கலங்கல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த முதல் இரண்டு இடங்களிலேயே தீர்ந்துவிடும்.

கிக்கையும் (பெரிய டிரம்மின் அடி) பேஸையும் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் சிக்கலும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) ட்ராக் என்றால் ஒரு பீட்டுக்கு 469 மில்லிசெகண்ட். பேஸ் ஆஃப்பீட்டில் (இரண்டு பீட்டுக்கு நடுவில்) விழுந்தால், கிக் விழுந்த 234 மில்லிசெகண்டில் பேஸ் தொடங்கும். இப்போது உங்கள் கிக் சாம்பிளைத் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல சாம்பிள்களில் வால் 400 மில்லிசெகண்ட் வரை நீளும். தனியாகக் கேட்கும்போது அந்த வால்தான் கிக்கைக் கம்பீரமாகக் காட்டும், வாங்க வைப்பதும் அதுதான். ஆனால் ட்ராக்கில் அந்த வாலின் பின்பாதி முழுக்க பேஸின் மேல் படுத்திருக்கிறது. இரண்டும் 50 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கின்றன. இதை ஈக்யூவால் பிரிக்கப் பார்த்தால் இரண்டில் ஒன்று மெலிந்துபோகும். வாலை 200 மில்லிசெகண்டில் முடித்து ஒரு சின்ன ஃபேட் கொடுத்தால் வேலை முடிந்தது. பேஸ் பதினாறில் ஒரு பங்கு நோட்டுகளாக ஓடுகிறது என்றால் அடுத்த நோட்டு 117 மில்லிசெகண்டிலேயே வந்துவிடும். அங்கே நீண்ட கிக் வேலைக்கே ஆகாது, குட்டையான கிக்கைத்தான் தேட வேண்டும்.

சாம்பிள் சரியாகியும் அடிக்கு அடி பலம் மாறுகிறதா? ஒரு கிக் முட்டித் தள்ளுகிறது, அடுத்தது பொக்கென்று விழுகிறது. ஈக்யூவில் எவ்வளவு தேடினாலும் இதற்குக் காரணம் கிடைக்காது. பல சிந்த்களில் ஆசிலேட்டர் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் நோட்டை அழுத்தும் கணத்தில் அலை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். பேஸின் அலை 10 மில்லிசெகண்ட் தள்ளி வந்தால் கிக் மேலே போகும்போது அது கீழே போகும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். சிந்த்தில் ரீட்ரிக் அல்லது ஃபேஸ் ரீசெட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு நோட்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். இன்னும் உறுதி வேண்டும் என்றால் பேஸை ஆடியோவாக மாற்றி கிக்கின் கீழே வைத்து, இரண்டு அலைகளும் ஒரே திசையில் எழுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

டிட்யூன் (சுருதியைச் சற்றே விலக்குவது) இன்னொரு வினை. இரண்டு ஆசிலேட்டர்களை 10 சென்ட் (ஒரு செமிடோனில் பத்தில் ஒரு பங்கு) விலக்கி வைத்தால் லீடுக்கு (முன்னணி மெட்டுக்கு) அழகாக இருக்கும். அதையே 55 ஹெர்ட்ஸ் பேஸில் செய்தால் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 0.3 ஹெர்ட்ஸ். அதாவது ஏறக்குறைய 3 நொடிக்கு ஒருமுறை சப் (பேஸின் அடியாழம்) பெருத்துப் பெருத்துச் சுருங்கும். ஒரு பாரில் இருக்கும், அடுத்த பாரில் காணாமல் போகும். இதற்கு கம்ப்ரஸர் போட்டு மல்லுக்கட்டும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சப்புக்கு ஒரே ஒரு சைன் அலை, மோனோவில் வையுங்கள். டிட்யூனும் ஸ்டீரியோ அகலமும் 120 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிய தனி லேயரில் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் சைட்செயின். கிக் விழும்போது பேஸை 3 முதல் 6 டெசிபல் இறக்கினால் இடம் விடுவதற்குப் போதும், காதுக்குத் தெரியாது. பம்ப் ஆவதே (கிக்கோடு சேர்ந்து ஒலி ஏறி இறங்குவதே) ட்ராக்கின் ஸ்டைல் என்றால் தாராளமாக இன்னும் ஆழமாக இறக்குங்கள். அது மிக்ஸிங் முடிவாக இல்லாமல் ரிதம் முடிவாகிவிடுகிறது. எனக்கு கம்ப்ரஸரைவிட வால்யூம் வளைவை வரையும் முறையே பிடிக்கும். கம்ப்ரஸரில் அட்டாக், ரிலீஸ், த்ரெஷோல்ட் மூன்றையும் திருகி ஊகிக்கும் வளைவை இங்கே நேரடியாக வரைந்துவிடலாம். கம்ப்ரஸர்தான் வேண்டும் என்றால், வெளியே கேட்காத ஒரு ஊமை கிக்கை வைத்து ட்ரிக்கர் செய்யுங்கள். கேட்கும் கிக்கை மாற்றினாலும் பம்ப் மாறாது, கிக் இல்லாத பிரேக்டவுனிலும் மூச்சு தொடரும்.

ஹை-பாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டுவது) பற்றி ஒரு வார்த்தை. எல்லா சேனலிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு என்று ஒரு அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே எதுவுமே இல்லாத ஹை-ஹாட்டில் வெட்டி என்ன ஆகப்போகிறது? கிக்கில் 30 ஹெர்ட்ஸில் செங்குத்தாக வெட்டினால் ஃபேஸ் நகர்ந்து பீக் கூடவும் செய்யலாம். ஒலியைக் கழித்தும் மீட்டர் ஏறும், குழம்பிப்போவீர்கள். அதைத் தவிர்க்க லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஃபேஸை நகர்த்தாத ஈக்யூ) போட்டால் அடிக்கு முன்னாலேயே ஒரு மெல்லிய முனகல் வரும், கிக்கின் கூர்மை போய்விடும். வெட்டுவதற்குக் காரணம் இருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

கலங்கலின் அடுத்த வீடு 200 முதல் 500 ஹெர்ட்ஸ். அங்கே குற்றவாளி அநேகமாகப் பேட்தான் (பின்னணியில் நீளும் கார்ட் ஒலி). இடது கையால் வாசித்த கார்டின் அடி நோட்டை பேஸ் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும். அந்த நோட்டைப் பேடிலிருந்து அழித்துவிடுங்கள், மீதியை இன்வெர்ஷன் (நோட்டுகளின் அடுக்கு வரிசை) மாற்றி மேலே ஏற்றுங்கள். ஈக்யூவில் 300 ஹெர்ட்ஸைக் குடைவதைவிட இது சுத்தமாக இருக்கும். கார்டும் கேட்கும்.

சரி, போனில் இன்னொரு சிக்கலும் உண்டு: பேஸே கேட்காது. போன் ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது, அதை எவ்வளவு ஏற்றினாலும் வீண். சேச்சுரேஷன் கொடுத்தால் 100, 150, 200, 250 என்று மேலே ஹார்மோனிக்ஸ் பிறக்கும். அவற்றைக் கேட்டுக் காது அடி நோட்டைத் தானே ஊகித்துக்கொள்ளும். இதையும் சப்பில் செய்யாமல் மேல் லேயரில் செய்யுங்கள். சப் சுத்தமாகவே இருக்கட்டும்.

அடுத்தது நம்மை ஏமாற்றும் அறை. 3.4 மீட்டர் நீள அறையில் முதல் ரூம் மோட் (சுவர்களுக்கிடையே மோதித் தங்கிவிடும் அலை) சுமார் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். ஒலியின் வேகமான 343ஐ நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் கணக்கு அது. அறையின் நட்டநடுவே அந்த அதிர்வெண் ஏறக்குறைய மறைந்துவிடும், சுவர் ஓரத்தில் உறுமும். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவீர்கள், காரில் போட்டதும் கண்ணாடி அதிரும். ஒரு 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு அறையில் மெதுவாக நடந்து பாருங்கள், நம்ப மாட்டீர்கள். மெல்லிய நுரைத் தகடுகளை ஒட்டி இதைச் சரிசெய்ய முடியாது, அவை மேல் அதிர்வெண்களைத்தான் உறிஞ்சும். நாற்காலியை நகர்த்துவது இலவசம். மிச்சத்துக்கு, சப்பை ஹெட்ஃபோனிலும் ஸ்பெக்ட்ரம் அனலைசரிலும் முடிவு செய்யுங்கள். அகலத்தையும் ரிவெர்பின் (எதிரொலிப்பின்) அளவையும் ஸ்பீக்கரில் முடிவு செய்யுங்கள். ஹெட்ஃபோனில் இடது ஒலி வலது காதுக்குப் போகாது, அதனால் எல்லாமே பிரமாண்டமாகத் தோன்றும்.

ஒலியளவும் ஏமாற்றும். சத்தம் குறையும்போது காதுக்கு பேஸ் மற்றவற்றைவிட வேகமாகக் குறைந்து கேட்கும் என்று ஃபிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் சத்தமாக வைத்து மிக்ஸ் செய்தால் எதுவும் நன்றாகவே கேட்கும். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கிற அளவுக்கு வைத்து ஃபேடர்களை முடிவு செய்யுங்கள். அந்த நிலையிலும் கிக், ஸ்நேர், லீட் மூன்றும் தெளிவாக நின்றால் பாலன்ஸ் சரி. சத்தமாகக் கேட்பதை சப்பைச் சோதிக்க மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு, வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஃபரன்ஸ் ட்ராக்கும் (ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கும் ட்ராக்) இதே பொறியில்தான் மாட்டும். மாஸ்டர் ஆன (வெளியீட்டுக்கு முடித்த) ஒரு ட்ராக்கை அப்படியே இழுத்துப் போட்டு உங்கள் மிக்ஸோடு ஒப்பிட்டால் அதுதான் ஜெயிக்கும், ஏனென்றால் அது சத்தம் அதிகம். இரண்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்வரை அதை இறக்குங்கள், 6 முதல் 10 டெசிபல் தேவைப்படலாம். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அதில் கிக்கை ஒப்பிட ஹை-ஹாட் எவ்வளவு தணிந்திருக்கிறது? பெரும்பாலும் நாம் வைத்திருப்பதைவிடத் தணிந்துதான் இருக்கும்.

அகலத்துக்கு வருவோம். ரோலண்ட் ஜேபி-8000 என்ற சிந்த் ஏழு சா அலைகளை ஒன்றாக டிட்யூன் செய்து சூப்பர்சா என்று கொடுத்தது. அதிலிருந்து எல்லா லீடையும் சுவர்போல் விரிக்கும் பழக்கம் நமக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாமே அகலம் என்றால் எதுவும் அகலமாகக் கேட்காது. ஒன்றிரண்டை மட்டும் விரியுங்கள், மற்றவை குறுகலாக நடுவில் இருக்கட்டும். ஒரு பக்கத்தை 10 மில்லிசெகண்ட் தாமதித்து அகலமாக்கும் தந்திரம் ஸ்டீரியோவில் ஜோராக இருக்கும். மோனோவில் இரண்டும் சேரும்போது 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழி விழும். மாஸ்டரில் ஒரு மோனோ பொத்தான் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அழுத்தினால் லீட் கொஞ்சம் சுருங்கலாம், காணாமல் போகக்கூடாது.

ரிவெர்பை ஒவ்வொரு சேனலிலும் தனித்தனியாகப் போடாமல் ஒன்றிரண்டு செண்டில் (பல சேனல்கள் பகிர்ந்துகொள்ளும் தனி சேனலில்) வையுங்கள். ரிவெர்பின் திரும்பும் சேனலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், இங்கே வெட்டக் காரணம் இருக்கிறது. 128 பிபிஎம்மில் ஒரு கிளாப்புக்கும் அடுத்த கிளாப்புக்கும் இடையே 938 மில்லிசெகண்ட். ரிவெர்பின் வால் அதற்குள் அடங்கினால் ஒவ்வொரு கிளாப்பும் புதிதாக விழும். இன்னும் நீளமான ரிவெர்ப்தான் அழகு என்றால், அதையும் கிக்குக்குச் சைட்செயின் செய்துவிடுங்கள்.

லெவல் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இன்றைய டிஏடபிள்யூக்கள் (இசை செய்யும் மென்பொருள்கள்) உள்ளே 32 பிட் ஃப்ளோட்டிலோ அதற்கு மேலோ கணக்குப் போடுகின்றன, ஒரு சேனல் சிவப்பானதால் மட்டும் ஒலி கெடாது. ஆனால் அனலாக் கருவிகளைப் போலச் செய்யும் பிளக்இன்களுக்குள் போகும் லெவல் முக்கியம். 24 பிட் வேவ் ஃபைலாக வெளியே எடுக்கும்போது மாஸ்டர் 0 டெசிபலைத் தாண்டினால் வெட்டுப்படும். மிக்ஸின் பீக் -6 டெசிபல் பக்கம் இருந்தால் நிம்மதி.

மாஸ்டரில் எவ்வளவு சத்தம் என்ற கேள்வி எப்படியும் வரும். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் -14 லஃப்ஸுக்கு (காதுக்குத் தெரியும் சராசரி சத்தத்தின் அளவு) கொண்டுவருகிறது, யூடியூப் சத்தமானதைக் குறைக்கும், மெல்லியதை ஏற்றாது. இதைப் படித்துவிட்டு எல்லோரும் -14க்கே மாஸ்டர் செய்ய வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிஜே செட்டில் பக்கத்து ட்ராக்கோடு நிற்க வேண்டிய டெக்னோவுக்கு அந்த எண் பொருந்தாது. ட்ராக் நசுங்காமல் எவ்வளவு சத்தம் தாங்குகிறதோ அவ்வளவு வையுங்கள், ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) -1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிமிட்டர் (உச்சங்களை அடக்கும் கருவி) 2 டெசிபல் இறக்குவதற்குள்ளேயே மிக்ஸ் மூச்சுத் திணறினால் பார்க்க வேண்டியது மறுபடியும் அந்தக் கிக்கின் வாலைத்தான்.

இனி எந்த பிளக்இன் வாங்கலாம் என்பதற்கு: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். உங்கள் டிஏடபிள்யூவோடு வந்த ஈக்யூவும் கம்ப்ரஸரும் இதெல்லாம் செய்யும். அனலைசருக்கு வாக்ஸெங்கோ ஸ்பான், லஃப்ஸ் பார்க்க யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு, இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். சைட்செயின் வளைவை வால்யூம் ஆட்டோமேஷனிலேயே ஒரு பாருக்கு வரைந்து காப்பி செய்துகொள்ளலாம். அந்த ட்ராக்கின் கிக்கையும் பேஸையும் தனியாக ஏற்றிப் பின்னூட்டத்தில் சுட்டி கொடுத்தால் கேட்டுப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன்.