சீகை மரத்தை வெட்டலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளியின் பசுமைப்படைக்கும் நான்தான் பொறுப்பு. ஆண்டுதோறும் மழை தொடங்கியதும் பிள்ளைகளோடு மரக்கன்று நடுவோம். இந்தக் கோடையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போயிருந்தோம். அவலாஞ்சிப் பக்கம் போகும் வழியில் ஒரு சரிவு முழுக்க மரங்களை வெட்டி அடுக்கியிருந்தார்கள். வேன் ஓட்டுநரிடம் கேட்டால், "சீகை மரமுங்க, புல்லு வரணும்னு ஃபாரஸ்ட்காரங்க வெட்றாங்க" என்றார். பிள்ளைகளுக்கு அதிர்ச்சி. ஒரு மாணவி, "நம்மள மரம் நடச் சொல்லிட்டு, இவங்க எதுக்கு மிஸ் மரத்த வெட்டிப் புல்லு வளக்கிறாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

வகுப்பில் உணவுச் சங்கிலி, உணவு வலை எல்லாம் நடத்துகிறேன். புல்தான் முதல் கண்ணி என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் ஒரு மரத்தைவிடப் புல் எப்படி முக்கியமாகும் என்று எனக்கே விளங்கவில்லை. மலைக்காடுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொல்லட்டும்?

கார்த்திகா
திருப்பூர்

அன்புள்ள கார்த்திகா,

மரம் வெட்டப்படுவதைப் பார்த்து ஒரு குழந்தை பதறுவது நல்ல விஷயம். அந்தப் பதற்றம் அவளிடம் அப்படியே இருக்கட்டும். அதோடு இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தச் சரிவில் புல்தான் பழைய குடி. சீகை வெளிநாட்டு மரம், அங்கே வந்து இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

புல் எவ்வளவு பழையது என்பதற்கு மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. நீலகிரியின் பள்ளத்தாக்குச் சதுப்புகளில் செடிகொடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கரிய மண்ணாகக் கிடக்கின்றன. அந்தக் கரிமண்ணில் உள்ள கார்பனை ஆராய்ந்து சூழலியல் ஆய்வாளர் ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993இல் நேச்சர் அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. மக்கிய பிறகும் அந்த வேறுபாடு மண்ணில் தங்கிவிடுகிறது. அதை வைத்து அவர்கள் சுமார் 20,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போனார்கள். காலநிலை மாற மாறப் புல் பெருகியும் மரம் பெருகியும் வந்த கதை அதில் தெரிந்தது. மனிதர்கள் காட்டை வெட்டியதால் உண்டான வெட்டவெளிதான் இந்தப் புல்வெளி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கோடரியோடு ஆள் மலையேறுவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே இருந்திருக்கிறது.

அடுத்தமுறை போகும்போது ஓர் உயரமான இடத்தில் பிள்ளைகளை நிறுத்தி எதிர்ச்சரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலகிரி, பழனி, ஆனைமலை மூன்றிலும் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல் ஒரே அமைப்புதான். மலை மடிப்புகளில், ஓடை இறங்கும் இடங்களில், குட்டையான மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அதுதான் சோலை. மடிப்பை விட்டு வெளியே வந்தால் சரிவெங்கும் புல். இரண்டுக்கும் நடுவே எல்லை கோடு போட்டதுபோல் இருக்கும். சோலைக்குள் மரப்பட்டையெல்லாம் பாசி, காலுக்குக் கீழே ஈரச் சருகு. வெளியே இரண்டு எட்டு வைத்தால் முகத்தில் காற்று அறைகிறது.

எல்லை ஏன் அங்கேயே நிற்கிறது? சோலை மரங்களின் விதை புல்வெளியில் விழாமலா இருக்கும்? விழும், முளைக்கவும் முளைக்கும். மார்கழி, தை இரவுகளில் திறந்த புல்வெளியில் உறைபனி இறங்கும். காலையில் புல்நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறி அது உருகியதும், புதிதாக முளைத்த சோலைக் கன்றின் இலை வெந்ததுபோல் கறுத்துச் சுருங்கிவிடும். சோலைக்குள் மரக்கூரை இருப்பதால் அந்தக் குளிர் இறங்குவதில்லை, கன்று பிழைக்கிறது. புல்லுக்கு மேற்பகுதி கருகினாலும் கவலையில்லை. உயிர் மண்ணுக்குக் கீழே இருக்கிறது, மழை வந்ததும் துளிர்த்துவிடும்.

உங்கள் பாடத்துக்கு இந்த இடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்து உணவு வலையில் அம்புக்குறிகள் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதை மட்டும்தான் காட்டுகின்றன. உறைபனி யாரையும் தின்பதில்லை, அதையும் யாரும் தின்பதில்லை. ஆனால் எந்தச் சரிவில் புல் நிற்கும், எந்த மடிப்பில் மரம் நிற்கும் என்பதில் அதன் பங்கு பெரிது. புல் நிற்கும் இடத்தைப் பொறுத்து வரையாடு நிற்கும் இடம், வரையாட்டைப் பொறுத்துச் சிறுத்தையும் செந்நாயும். அந்தப் படத்தில் பனிக்கும் மண்ணுக்கும் காலத்துக்கும் சேர்த்து அம்புகள் போடச் சொல்லுங்கள். படம் அலங்கோலமாகத்தான் ஆகும். பரவாயில்லை, மலையும் அப்படித்தான் இருக்கிறது.

சரி, சீகைக்கு வருவோம். நீலகிரியில் சீகை என்று சொல்வது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தை. 19ஆம் நூற்றாண்டில் ஊட்டி ஊராக வளர்ந்தபோது விறகுக்காகச் சோலைகள் அழிந்தன. அந்தத் தேவைக்கு வேகமாக வளரும் மரம் வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் சீகையையும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாம் அதைப் பல மடங்கு பெருக்கினோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கைப் பட்டு நூலுக்கு மரக்கூழ். எங்கே நட்டோம்? பெரும்பாலும் புல்வெளியில் நட்டோம். சர்க்கார் கணக்கில் அது தரிசு. ஒன்றும் விளையாத நிலத்தில் மரமாவது வரட்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அதனால்தான் உங்கள் மாணவியின் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. மரம் என்றால் நல்லது, புல் என்றால் வெறுமை என்ற அதே எண்ணம்தான் அந்தச் சரிவுகளை அழித்தது.

விளைவு சின்னதல்ல. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நட்ட இடத்தோடு நிற்கிற மரமும் அல்ல சீகை. விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீப்பட்டால் ஒன்றாகக் கிளம்பும். உறைபனி சோலைக் கன்றைத் தடுப்பதுபோல் சீகைக் கன்றைத் தடுப்பதில்லை என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். இரவுகள் வெப்பமாகிக்கொண்டு வரும்போது சீகைக்கு வழி இன்னும் அகலமாகத் திறக்கும் என்பதும் அவர்களுடைய எச்சரிக்கை.

அடர்ந்த சீகைத் தோப்புக்குள் நுழைந்தால் நடப்பது கண்ணுக்கே தெரியும். தரையில் பொடி இலைகள் மெத்தைபோல் உதிர்ந்திருக்கும், புல் இருக்காது. வெளிச்சம் இல்லாத இடத்தில் இந்தப் புல் வளராது. புல் இல்லையென்றால் குறிஞ்சி இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் நீலக்குறிஞ்சி திறந்த சரிவில்தான் படர்ந்து பூக்கும். நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சிறு பறவை, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளை விட்டால் வேறெங்கும் கிடையாது. புல் தூருக்கு அடியில் தரையிலேயே கூடு வைக்கும். மரங்கள் வந்துவிட்ட சரிவில் அது என்ன செய்யும்? நமது மாநில விலங்கான வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புல் மேயவும் தூரத்திலேயே எதிரியைக் காணவும் அதற்குத் திறந்தவெளி வேண்டும். ஆபத்து என்றால் ஓடி ஏறப் பாறைச்சரிவு பக்கத்தில் இருக்கவேண்டும். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள். ஒரு மாநிலத்தின் மொத்தக் கணக்கு உங்கள் பள்ளியின் பிள்ளைகள் அளவுதான் இருக்கும்.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. அவர்களுடைய எருமைகள் மேய்ந்தது இந்தப் புல்லில். கோயில் கூரை வேயும் புல் சதுப்பு ஓரங்களில் வளர்வது. தோட்டங்களும் அணைகளும் மரத்தோப்புகளும் சதுப்பை நெருக்க நெருக்க, அந்தப் புல்லைத் தேடி அலையவேண்டிய நிலை அவர்களுக்கு.

இனி தண்ணீர். உங்கள் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான விஷயம் இதுதான். ஒரு புல் தூரை ஓரமாக விலக்கி, கீழே உள்ள மண்ணைக் கையளவு எடுத்துப் பிழிந்து பார்க்கச் சொல்லுங்கள் (தூரைப் பிடுங்கவேண்டாம்). மழை ஓய்ந்து நாளான பிறகும் சதுப்போரத்து மண்ணில் தண்ணீர் கசியும். அந்தக் கசிவுதான் ஓடையாகிறது. ஊட்டி மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் நீலகிரியிலுள்ள கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். ஒன்றை இயல்பாக விட்டுவிட்டு மற்றொன்றில் பாதிக்குமேல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் அதிலிருந்து வந்த நீர் ஏறத்தாழ 16% குறைந்தது. வெட்டி மறுபடி துளிர்க்கவிட்ட இரண்டாவது சுற்றில் நாலில் ஒரு பங்கு குறைந்தது. கற்பூர மரத்துக்கு அளந்ததை அப்படியே சீகைக்குச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வேகமாக வளரும் மரம் எதுவானாலும் குடிக்காமல் வளராது.

அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானிப் பக்கத்து ஓடைகள் குந்தா மின்நிலையங்கள் வழியாக இறங்கிப் பில்லூர் அணைக்கு வருகின்றன. அங்கிருந்து பவானியாக மேட்டுப்பாளையத்தைத் தொடுகின்றன. திருப்பூரின் குடிநீரில் ஒரு பங்கு மேட்டுப்பாளையத்தில்தான் எடுக்கப்படுகிறது. உங்கள் மாணவியின் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் அந்தப் புல்வெளியின் தண்ணீரும் இருக்கலாம். அவளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னதால் சீகையைக் கண்ட இடத்தில் வெட்டுவதே சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய தோப்புகள் சிலவற்றில் வேறொன்று நடந்திருக்கிறது. மரக்கூரை உறைபனியைத் தடுக்க, பழம் தின்ற பறவைகள் எச்சத்தோடு விதையைக் கொண்டுவந்து போட, அந்நிய மரத்தின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. கொடைக்கானல் பக்கம் இதைப் பல இடங்களில் பார்க்கலாம். அங்கே போய் மொட்டையாக வெட்டினால் புல்லும் வராது, வளர்ந்துவரும் சோலையும் போய்விடும். புல்வெளியில் அண்மையில் பரவிய சீகையை எடுப்பது வேறு, இது வேறு. அதற்கும் மேலாக, வெட்டி வெயில் பட்டதும் மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் நாற்றங்கால் விட்டதுபோல் முளைக்கும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் போய்ப் பிடுங்கினால்தான் முதல் ஆண்டு வெட்டியதற்கு அர்த்தம். ஆகவே நாம் வனத்துறையிடம் கேட்கவேண்டியது, "ஏன் வெட்டினீர்கள்" என்பதை அல்ல. "மூன்றாம் ஆண்டு இங்கே யார் வருவார்கள், அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா" என்று கேட்கவேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்க ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்ல தொடக்கம். மரத்தை வெட்டி விற்பதோடு வேலை முடிந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு இருக்கிறது.

அப்புறம், உங்கள் பசுமைப்படை. நடுவதை நிறுத்தவேண்டாம். எங்கே எதை நடுவது என்று பார்த்து நடுங்கள். தெருவோரம், பள்ளி வளாகம், குளக்கரை என்றால் புங்கனும் வேம்பும் தாராளமாக நடலாம். ஆனால் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் 'காலி இடம் கிடக்கிறது' என்று யாராவது குழி தோண்டக் கூப்பிட்டால் போகாதீர்கள். அதுவும் புல்வெளிதான், குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த புல்வெளி. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. புல்லை மாடும் ஆடும் மேயும். வறண்ட மாதங்களில் புல் காய்ந்தபின் வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். வேலிக்குள் பறவை கூடு கட்டும், கீரியும் ஓணானும் ஒதுங்கும். சாணி மறுபடி புல்லுக்கே போகும். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்த நிலத்தில்தான்.

ஊட்டிக்குப் போக ஒரு நாள் வேண்டும், காங்கேயம் உங்களுக்குப் பக்கம். உங்கள் மாணவர்களில் யாராவது ஒருவர் வீட்டில் கொறங்காடு இருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள். நடவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை அங்கே கூட்டிப்போய், அந்தக் காட்டுக்காரரையே பேசவையுங்கள். எந்த மரத்தை விட்டுவைத்தார், எதை வெட்டினார், எத்தனை மாடு விட்டால் புல் தாங்கும், இதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணிடமே அவள் கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்