விண்டோஸ் கணினியில் ஐபோன் செயலி எழுதலாமா?

கேள்வி: எனக்கு ஜாவா ஓரளவு தெரியும். என்னிடம் விண்டோஸ் மடிக்கணினியும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் உள்ளன. அன்றாடச் செலவுகளைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் உருவாக்க விரும்புகிறேன். இரண்டையும் தனித்தனியாகக் கற்க வேண்டுமா, ஒரே நிரலை இரண்டுக்கும் பயன்படுத்த உதவும் ஃபிளட்டர் மட்டும் கற்றால் போதுமா?

பதில்: எந்த மொழியைக் கற்பது என்பதே உங்கள் ஐயம் என்றாலும், இங்கே முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது உங்களிடமுள்ள கணினிதான். ஐபோன் செயலியை உருவாக்கப் பயன்படும் எக்ஸ்கோடு என்ற மென்பொருள், ஆப்பிளின் மேக் கணினியில் மட்டுமே இயங்கும். ஃபிளட்டரிலோ அதைப் போன்ற ரியாக்ட் நேட்டிவிலோ நிரலை விண்டோஸிலேயே எழுதிவிடலாம். ஆனால் அதை ஐபோனில் நிறுவத்தக்க செயலியாக மாற்றும் கட்டத்தில் எங்கேனும் ஒரு மேக் இருந்தாக வேண்டும். மேக் கணினியை இணையவழியில் வாடகைக்குத் தரும் சேவைகள் உண்டு என்றாலும், பிழைச்செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கமே வராத ஒருவருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே ஆண்ட்ராய்டில் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இலவசமானது, விண்டோஸில் இயங்கும். ஜாவா தெரிந்திருப்பது உதவும் என்றாலும் கோட்லினில் எழுதுவதே நல்லது. 2019 முதல் கூகுள் அந்த மொழிக்கே முன்னுரிமை தருகிறது. திரைகளை வடிவமைக்கும் ஜெட்பேக் கம்போஸும் கோட்லினுக்காகவே உருவானது. கணினியின் நினைவகம் குறைவாக இருந்தால் கணினித் திரையில் கைப்பேசியைப் போலவே இயங்கிக் காட்டும் எமுலேட்டரோடு போராட வேண்டாம். கைப்பேசியின் அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் தெரிவுகளைத் திறந்து, கணினியிலிருந்து கம்பிவழியே செயலியை ஓட்டிப் பார்க்க உதவும் யுஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, கைப்பேசியிலேயே சோதியுங்கள்.

ஃபிளட்டரில் நேரடியாக இறங்காமல் இந்தச் சுற்றுவழி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பயனர் தொகையைப் பாதி தட்டச்சு செய்திருக்கும்போது அழைப்பு வருகிறது. செயலி பின்னணிக்குச் செல்கிறது. நினைவகம் போதாமல் இயங்குதளம் அதை நிறுத்திவிடுகிறது. திரும்பி வந்தால் எழுதியது காணாமல் போயிருக்கிறது. புதியவர்கள் இதைத் தங்கள் நிரலின் பிழை என்று எண்ணி நாள்கணக்கில் தேடுவதுண்டு. உண்மையில் கைப்பேசி தன் நினைவகத்தைப் பேணும் முறையே அதுதான். எந்த நேரத்திலும் செயலி நிறுத்தப்படலாம் என்று எதிர்பார்த்து, உரிய இடத்தில் தரவைச் சேமிப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. ஐபோனிலும் இதே நிலைதான். அனுமதி கோருதல், பின்னணி வேலைகளுக்கான கட்டுப்பாடுகள் ஆகியவையும் இயங்குதளத்தைச் சேர்ந்தவை. ஃபிளட்டர் அவற்றை ஓரளவு மறைக்குமே தவிர நீக்காது. ஒரே திரையும் ஒரு சிறு தரவுத்தளமும் கொண்ட செயலியை முதலில் கோட்லினில் எழுதினால் இவை பிடிபட்டுவிடும்.

அதன்பின் ஃபிளட்டருக்கு மாறுவதில் தடையில்லை. படிவங்களும் பட்டியல்களுமே நிறைந்த உங்கள் செயலிக்கு அது பொருத்தமானதுதான். அதன் டார்ட் மொழி ஜாவா அறிந்தவருக்கு அந்நியமாகத் தோன்றாது. ப்ளூடூத் கருவிகளோடு ஓயாமல் பேச வேண்டிய செயலியாக இருந்திருந்தால், இரு தளங்களுக்கும் தனித்தனியே எழுதச் சொல்லியிருப்பேன்.

வெளியீட்டைப் பற்றி இப்போதே சில செய்திகள். கூகுள் பிளேயில் பதிவுக்கட்டணம் ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். செயலியைத் தனித்து அடையாளம் காட்டும் பேக்கேஜ் பெயரை, செயலியை வெளியிட்ட பிறகு மாற்ற இயலாது என்பதால், மாதிரித் திட்டத்தில் தானாக வரும் பெயரை அப்படியே விட்டுவிடாதீர்கள். மேலும், 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய கூகுள் பிளே தனிநபர் கணக்குகளில், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் செயலியை முயன்று பார்க்கும் சோதனை) இணைந்திருந்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். இந்த விதியைக் கடைசி வாரத்தில் அறிந்து திகைப்பவர்கள் பலர். அந்த 12 பேரை, முதல் திரை ஓடத் தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.