ரேடியோ அலையில் கரண்ட் எடுத்து வெந்நீர் போடலாமா?

கேள்வி இதுதான்: ஹீட்டரால் கரண்ட் பில் ஏறுகிறது, வானொலிக் கோபுரம் காற்றில் அனுப்பும் சக்தியைப் பிடித்து வெந்நீர் போட முடியுமா?

பிடிக்க முடியும். ரேடியோ அலை ஒரு கம்பியில் பட்டால் அதில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். பேட்டரியே இல்லாத பழைய கிரிஸ்டல் ரேடியோ காதோரம் பாடியது அந்தச் சக்தியில்தான்.

ஆனால் வெந்நீருக்கு அது காணாது. கல்லணையில் கரைபுரளும் தண்ணீர், ஆறாகி, வாய்க்காலாகிப் பிரிந்து பிரிந்து கடைமடை வயலுக்கு வரும்போது பாதம் நனைந்தாலே பெரிது, இல்லையா? அலையும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் சக்தி நாலில் ஒரு பங்கு. 100 கிலோவாட் நிலையத்தின் அலை தரைக்கு மேலே எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதாக வைத்துக்கொண்டால், 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 0.16 மில்லிவாட்.

20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய அரை யூனிட் வேண்டும். 10 சதுர மீட்டரில் விழும் அலையைச் சிந்தாமல் சேர்த்தாலும் 30 வருடத்துக்கு மேல் ஆகும், ஒரே ஒரு வாளிக்கு!

உச்சி வெயிலோ சதுர மீட்டருக்கு 1000 வாட் வரை தருகிறது. சித்திரை மதியத்தில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கை சுடுகிறதே, அதுதான். பில் குறைய என் யோசனை சோலார் ஹீட்டர்.

அப்புறம், பெரிய கோபுரத்தின் அடியில் ட்யூப்லைட் தானாக மினுங்குவதைப் பார்த்து இலவசக் கரண்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த நிலையம் காசு கட்டி அனுப்பிய சக்தி.